வேன் பின்னால் உட்காருகிறதா? ஏர் ஷாக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொரண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் ஓர் உதிரிப்பாகக் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். வருபவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள். கேட்டரிங் செய்பவர், மேடை அலங்காரம் செய்பவர், மொத்தக் கடையில் அரிசி மூட்டை எடுத்து வருபவர், வார இறுதியில் டிரெய்லர் இழுப்பவர் என்று எல்லாரிடமும் இருப்பது குடும்ப வேன்தான். சாமான் ஏற்றியதும் பின்பக்கம் தரையைத் தொடுகிறது, ஏர் ஷாக் போடலாமா என்று கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஏர் ஷாக்குன்னா என்ன? சாதா ஷாக்குக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் அதன் வேலை. உள்ளே எண்ணெயும் ஒரு பிஸ்டனும் இருக்கும். பிஸ்டனில் உள்ள சின்ன வழிகள் வழியே எண்ணெய் நெருக்கியடித்துப் போகும்போது ஆட்டம் அடங்குகிறது. பழைய ஷாக்கைக் கழற்றி மேசையில் வைத்துக் கையால் அழுத்திப் பாருங்கள், மெதுவாக உள்ளே போய்விடும். ஒரு கையால் அழுத்தினால் போகிற சாமான் எப்படி அரை டன்னைத் தாங்கும்?

ஏர் ஷாக் என்பது அதே எண்ணெய் ஷாக்தான், வெளியே கெட்டியான ஒரு ரப்பர் உறை கூடுதலாக இருக்கும். உறையின் மேல்முனை ஷாக்கின் மேல்பாதியிலும் கீழ்முனை கீழ்ப்பாதியிலும் ஒட்டியிருக்கும். ஒரு மெல்லிய குழாய் வழியாகக் காற்று அடித்தால் உறை விறைத்து இரண்டு பாதிகளையும் தள்ளி நீட்டும், வண்டியின் பின்பக்கம் மேலே எழும். ஆக, எடையே தாங்காத ஷாக் இப்போது ஒரு சின்னக் காற்று ஸ்பிரிங்காகவும் வேலை பார்க்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தொல்லைகள் பலவற்றுக்கும் வேர் இதுதான்.

கேஸ் ஷாக்குன்னு விக்கிறாங்களே, அதுதானே இது?

இல்லை. கேஸ் ஷாக்கில் நைட்ரஜனை அடைத்து ஆலையிலேயே மூடிவிடுவார்கள். எண்ணெய் நுரைத்துப் போகாமல் இருக்கத்தான் அந்த வாயு. அதை நாம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஊரில் பல்சர் பைக்கின் பின்னால் ‘நைட்ராக்ஸ்’ என்று எழுதியிருந்த டப்பா வைத்த ஷாக் ஞாபகம் இருக்கிறதா? அது இந்த வகை. ஏர் ஷாக்கில் டயரில் இருப்பது போல ஒரு வால்வு இருக்கும். வால்வு இல்லையென்றால் அது நீங்கள் தேடி வந்த சாமான் இல்லை.

என் வண்டிக்குப் பொருந்துமா?

பின்சக்கரத்துக்கு உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். காயில் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் நின்றால் அனேகமாகப் பொருந்தும். நம்மவர்கள் வைத்திருக்கும் 2008-க்குப் பிந்தைய டாட்ஜ் கிராண்ட் கேரவன், பழைய டொயோட்டா சியன்னா இரண்டும் இப்படித்தான். ஸ்பிரிங்குக்கு நடுவிலேயே ஷாக் இருந்து இரண்டும் ஒரே உருப்படியாக இருந்தால் பெரும்பாலும் முடியாது.

அண்ணை, இதைப் போட்டால் வான்ல இன்னும் கூடச் சாமான் ஏத்தலாமோ?

ஏற்ற முடியாது அண்ணை. நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான், அதிகம் பேருடைய முகம் சுருங்குவதும் இதற்கான பதிலில்தான். ஏர் ஷாக் பின்பக்கத்தை மேலே தூக்கும், அவ்வளவே. பிரேக், டயர், அச்சு, வீல் பேரிங் எல்லாம் பழையபடிதான் இருக்கின்றன. வண்டி மட்டமாக நிற்பதால் எடை குறைந்துவிட்டதாக நம் கண்தான் ஏமாறுகிறது. சொல்லப்போனால் பின்பக்கம் உட்காருவது வண்டி கொடுக்கும் எச்சரிக்கை. ஏர் ஷாக் அந்த எச்சரிக்கையை வாயடைத்துவிடும்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். ஒரு வேனில் அது 520 கிலோ என்று வைத்துக்கொள்வோம். போன மாதம் ஒரு கேட்டரிங் அண்ணனுக்குக் கவுண்டரிலேயே ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவரும் இரண்டு உதவியாட்களும் 225 கிலோ. அறுபது லிட்டர் சாம்பார் பாத்திரம் மூடியோடு 67 கிலோ, அப்படி நான்கு, 268. சோற்றுப் பெட்டி மூன்று, 90. அடுப்பு, தட்டு, கரண்டி வகையறா 40. மொத்தம் 623. வண்டி கிளம்பும்போதே 103 கிலோ அதிகம். “எப்பவும் இப்படித்தானே போறன்” என்றார். எப்போதும் போகலாம்தான், 401 நெடுஞ்சாலையில் முன்னால் போகிறவன் திடீரென்று பிரேக் அடிக்கிற வரைக்கும்.

கணக்கில் இன்னொன்றும் உண்டு. அதே பக்கம், அச்சுக்கு இவ்வளவு என்று தனித்தனியாக ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் எல்லாப் பாத்திரங்களையும் கடைசிக் கதவுக்குப் பக்கத்தில் அடுக்கினால் பின் அச்சு வரம்பைத் தாண்டிவிடும். சந்தேகமாக இருந்தால் லாரிகள் நிற்கும் இடத்து எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், அச்சு வாரியாகச் சீட்டுத் தருவார்கள்.

அப்ப எதுக்குத்தான் இதைப் போடணும்?

வரம்புக்குள்ளேயே ஏற்றினாலும் சில வண்டிகள் பின்னால் நன்றாக இறங்கும். ஸ்பிரிங்கைக் குடும்பத்தோடு போகும் சொகுசுக்காக மென்மையாக வைத்திருக்கிறார்கள். இறங்கினால் ஒவ்வொரு மேட்டிலும், அச்சு மேலே முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் ‘டம்’ என்று இடிக்கும். முன்விளக்கு மேலே தூக்கி எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். வீட்டு வாசல் சரிவில் ஏறும்போது டிரெய்லர் கொக்கி தரையில் உராயும். இதற்கெல்லாம் ஏர் ஷாக் நல்ல மருந்து. வாரத்தில் இரண்டு நாள் பாரம், மற்ற நாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது என்று ஓடும் வண்டிக்குத்தான் இது கச்சிதம். ஏனென்றால் வேண்டாதபோது காற்றைக் குறைத்துவிடலாம்.

மேடை அலங்காரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. துணி, பூ, தெர்மாகோல் எல்லாம் இடத்தைத்தான் அடைக்கும், எடை கிடையாது. வண்டி நிறைந்திருக்கிறது என்பதற்காக ஏர் ஷாக் வாங்காதீர்கள். இரும்புச் சட்டம் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள்.

எவ்வளவு காத்து அடிக்கணும்?

பெட்டியோடு வரும் தாளில் இருக்கும். மன்ரோ மேக்ஸ்-ஏர் போன்ற ஏர் ஷாக்குகளில் குறைந்தது 20, அதிகபட்சம் 150 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் உங்கள் பாரத்துக்கு எத்தனை என்பதை எந்தத் தாளும் சொல்லாது, அளக்கும் டேப்தான் சொல்லும்.

சமதளத்தில் வண்டியைக் காலியாக நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுவுக்கு நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பிலிருந்து தரைவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 74 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சாமானை ஏற்றிய பிறகு 67 ஆகிறது. பத்துப் பத்து பிஎஸ்ஐயாக அடித்து 73, 74 வந்ததும் நிறுத்துங்கள். காலியாக இருந்த உயரத்தைத் தாண்டி ஒருபோதும் தூக்காதீர்கள். அந்த பிஎஸ்ஐயை ஒரு துண்டு ஒட்டு டேப்பில் எழுதிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கு அளக்கும் டேப்பைத் தேட வேண்டாம். டயர்க் காற்றையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். ஷாக்கில் காற்று அடித்த நிம்மதியில் டயரை மறப்பவர்கள் நிறைய.

கேஸ் ஸ்டேஷன்ல டயருக்கு அடிக்கிறதுல அடிச்சா போதாதா?

அடிக்கலாம், ஆனால் நிதானமாக. டயர் பெரிய அண்டா என்றால் இது டம்ளர். உள்ளே கொள்ளும் காற்று மிகக் கொஞ்சம் என்பதால் இரண்டு விநாடியில் அழுத்தம் எங்கோ ஏறிவிடும். அளவு பார்க்கக் கேஜை வைத்து எடுத்தாலே சில பிஎஸ்ஐ குறையும். அதனால் வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட அடித்துவிட்டுத் தட்டித் தட்டி இறக்குவது சுலபம். என் கையில் இருப்பது சைக்கிளுக்கு நின்றுகொண்டு அடிக்கும் பம்ப். ஒரு அழுத்துக்குக் கொஞ்சம்தான் ஏறும், அதுதான் இதற்கு வேண்டும்.

காலியா ஓட்டுறப்ப காத்தை முழுசா இறக்கிடலாமா?

கூடாது. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் ரப்பர் உறை தொளதொளவென்று மடிந்து, ஷாக் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும். கிழிந்து வரும் உறைகளில் பல இப்படி மடிப்பில்தான் கிழிந்திருக்கின்றன. அதற்காகக் கல்யாணம் முடிந்தும் 90 பிஎஸ்ஐயிலேயே விட்டுவிடுவதும் தப்பு. பின்பக்கம் வெட்டுக்கிளி மாதிரி தூக்கி நிற்கும், குழிக்குக் குழி துள்ளும், ஷாக் முழு நீளத்துக்கும் நீண்டுபோய் மேல் எல்லையில் இடிக்கும்.

நானே மாட்டிடலாமா? யூடியூப் பார்த்தா அரை மணி நேர வேலை மாதிரி இருக்கு.

பக்கத்துக்கு இரண்டு போல்ட்தான். ஆனால் அந்த வீடியோவை எடுத்தவன் பனிக்குச் சாலையில் உப்புப் போடாத ஊர்க்காரன். இங்கே ஐந்து பனிக்காலம் பார்த்த வண்டியில் கீழ் போல்ட்டு துருவோடு ஒன்றிப்போயிருக்கும். முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. வண்டியைத் தூக்கியதும் பின் அச்சுக்கு அடியில் தனியாகத் தாங்கு வையுங்கள். பல வேன்களில் அச்சு கீழே தொங்காமல் பிடித்திருப்பதே ஷாக்தான். இரண்டையும் கழற்றினால் அச்சு சடாரென்று இறங்கி ஸ்பிரிங் வெளியே வரும், பிரேக் ஹோஸ் இழுபட்டுப் பிய்யும். ஒரு பக்கம் மாட்டி முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

அப்புறம் காற்றுக் குழாய். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியே போக வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் சொந்த வேனில் முதன்முதலாக மாட்டியபோது, குழாய் மூன்று விரல் தள்ளித்தானே இருக்கிறது, போதும் என்று விட்டேன். மார்க்கம் பக்கம் ஒரு மண்டபத்துக்கு மச்சானின் சாம்பாரோடு போகும் வழியில் பின்னால் ‘புஸ்’. கண்ணாடியில் பார்த்தால் முன்னே சாலைக்குப் பதில் வானம் தெரிகிற மாதிரி வண்டி உட்கார்ந்துவிட்டது. அடியில் போய்ப் பார்த்தேன், குழாய் உருகி மெழுகுவர்த்தி நுனி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் ஒரு வாரம் பேசவில்லை.

ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வால்வா, தனித்தனியா வைக்கணுமா?

நடுவில் டி ஜாயிண்ட் போட்டு ஒரே வால்வு வைத்தால் அடிப்பது சுலபம், இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே அழுத்தம். ஆனால் நீண்ட வளைவில் திரும்பும்போது அமுங்குகிற பக்கத்துக் காற்று மெல்ல மறுபக்கம் ஓடும், வண்டி கூடுதலாகச் சாயும். நெடுஞ்சாலைக்கு ஏறும் வட்டப் பாதையில் இது நன்றாகவே தெரியும். தனித்தனி வால்வு என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஒரு பக்கம் கனமான பெட்டி இருந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கூட்டவும் முடியும். இரண்டு தடவை குனிய வேண்டும், அவ்வளவுதான். உயரமாகப் பாத்திரம் அடுக்குகிறவர்களுக்குத் தனித்தனி வால்வைத்தான் சொல்வேன்.

ராத்திரி அடிச்சு வச்சா காலையில இறங்கிடுது. ஷாக் போச்சா?

முதலில் சோப்புத் தண்ணீர். வால்வு, டி ஜாயிண்ட், ஷாக்கில் குழாய் நுழையும் இடம் மூன்றிலும் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் ஜாயிண்டில்தான் குமிழி வரும். குழாயைச் சாய்வாக வெட்டியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் சரியாக உட்காராது. கூர்மையான பிளேடால் நேராக வெட்டி மறுபடி செருகினால் சரியாகிவிடும். உறையிலேயே குமிழி வந்தால் ஷாக் போய்விட்டது. பஞ்சர் ஒட்டுகிற சாமான் இல்லை இது. மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள்.

பனிக்காலத்தில தன்பாட்டில காத்துக் குறையுதே, லீக்கோ?

லீக்காக இல்லாமலும் இருக்கலாம். குளிரில் காற்று சுருங்கும். சூடான கராஜில் 20 டிகிரியில் 90 பிஎஸ்ஐ அடித்த ஷாக், வெளியே மைனஸ் 20-இல் சுமார் 76-தான் காட்டும். அதனால் வண்டி எந்தக் குளிரில் ஓடப்போகிறதோ அந்தக் குளிரில் நின்று அடியுங்கள். கை விறைக்கும், வேறு வழியில்லை. ஒரு நாள் ராத்திரியில் இதைவிட அதிகமாக இறங்கினால் மேலே சொன்ன சோப்புத் தண்ணீர் வைத்தியம். கார் கழுவும்போது அடிப்பக்கத்துக்கும் தண்ணீர் அடித்து உப்பைக் கழுவிவிடுங்கள்.

ஷாக் மாட்டுற இடமே பிச்சிக்கிட்டு வந்துடும்னு ஒருத்தர் பயமுறுத்தினார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. முதல் பதிலைப் பாருங்கள். ஷாக் எடை தாங்காது என்பதால் அதை மாட்டும் பிராக்கெட்டையும் ஆட்டத்தை அடக்குகிற அளவுக்குத்தான் செய்திருப்பார்கள். ஏர் ஷாக் போட்டதும் பாரத்தில் ஒரு பங்கு அந்த பிராக்கெட் வழியாகப் போகிறது. புது வண்டியில், பெட்டியில் சொன்ன வரம்புக்குள் இருந்தால் பிரச்சினை வராது. பத்து வயது வேனில் மேல்பக்க பிராக்கெட்டை ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் சரி. ‘சொத்’ என்று பொரிந்து துரு கொட்டினால் அந்த வண்டிக்கு நான் ஏர் ஷாக் விற்க மாட்டேன். விற்காமல் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன்.

என் கேரவன்ல தானாவே தூக்குற ஷாக் இருக்குன்னு மெக்கானிக் சொல்றார். நிஜமா?

இருக்கலாம். கிராண்ட் கேரவன் வண்டிகளில் டிரெய்லர் இழுப்பதற்கான வசதியோடு வந்த சிலவற்றில் நிவோமேட் என்ற ஷாக் உண்டு. வழக்கமான ஷாக்கைவிடத் தடியாக இருக்கும், காற்றுக் குழாய் எதுவும் இருக்காது. சாலையில் வண்டி குலுங்குவதையே பம்பாக வைத்துக்கொண்டு, கொஞ்ச தூரம் ஓடியதும் உள்ளே அழுத்தம் ஏற்றிப் பின்பக்கத்தைத் தானே தூக்கிக்கொள்ளும். கெட்டிக்காரச் சாமான், விலையும் அப்படியே.

இங்கேதான் ஒரு பொறி. நிவோமேட்டும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் அந்த வண்டிகளில் காயில் ஸ்பிரிங்கை மென்மையாக வைத்திருப்பார்கள். பழசானதும் விலைக்குப் பயந்து சாதா ஷாக் போட்டால் காலி வண்டியே உட்கார்ந்துவிடும். அப்படிப் போட்டுவிட்டு “ஷாக் சரியில்லை” என்று என்னிடம் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஒன்று, நிவோமேட்டையே போட வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங்குக்குள்ள வைக்கிற காத்துப் பை விக்கிறாங்களே, அது நல்லதா இது நல்லதா?

பாரத்துக்கு என்று மட்டும் கேட்டால் நான் பையின் பக்கம். காயில் ஸ்பிரிங்கின் வயிற்றுக்குள் உட்காரும் உருளை அது. ஏர் லிஃப்ட் 1000 வகையில் 5 முதல் 35 பிஎஸ்ஐதான், ஆனால் அது தூக்கும் எடை ஸ்பிரிங் உட்காரும் இடத்திலேயே இறங்குகிறது, அதாவது எடை தாங்கவென்றே கட்டிய இடத்தில். ஷாக் பிராக்கெட்டுக்கு வேலை இல்லை. ஷாக் நன்றாக இருந்தால் அதை மாற்றவும் வேண்டாம். பழைய ஷாக் எப்படியும் தேய்ந்துபோய் மாற்றப்போகிறீர்கள், பாரமும் எப்போதாவதுதான் என்றால் ஏர் ஷாக் ஒரே செலவில் முடிந்துவிடும். பை போட்டாலும் ஸ்டிக்கர் வரம்பு அதேதான், மறந்துவிடாதீர்கள்.

டிரெய்லர் மாட்டினதும் ஸ்டியரிங் லேசாயிடுது. ஏர் ஷாக் போட்டா சரியாகுமா?

ஆகாது. கொக்கி இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். அங்கே எடை இறங்கினால் பின் அச்சு தராசின் நடுத்தாங்கியாக மாறி முன்சக்கரத்தில் இருந்த எடையைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் லேசாவது அதனால்தான். ஏர் ஷாக் வண்டியைப் பார்வைக்கு மட்டமாக்கும், முன்சக்கரம் இழந்த எடையைத் திருப்பித் தராது. அதற்கு எடையைப் பிரித்துக் கொடுக்கும் தனிக் கொக்கி வேண்டும், உங்கள் வண்டிக்கு அதை அனுமதித்திருக்கிறார்களா என்று கையேட்டில் பாருங்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்குகிற மாதிரி சாமானை அடுக்குவதும் முக்கியம்.

சாம்பார்க்காரர்களுக்கும் இதே தராசுதான். பாத்திரத்தைக் கடைசியில் வைக்காமல் முன் இருக்கைக்குப் பின்னாலேயே வையுங்கள். காசு செலவில்லாமல் பின்பக்கம் பாதி எழுந்துவிடும்.

ஊர்ல அப்பா பிக்கப் ஓட்டுறார். ஒரு செட் வாங்கி அனுப்பலாமா?

வேண்டாம் தம்பி. டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் எல்லாம் பின்னால் காயில் ஸ்பிரிங் இல்லை, கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). பட்டை தொய்ந்திருந்தால் பட்டறையில் கழற்றிச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் அதற்கு வைத்தியம். இன்னொரு சங்கதி, பாரம் ஏற்றும் வண்டிகள் சிலவற்றில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போய் பிரேக் வால்வில் சேரும். வண்டி இறங்கியிருந்தால் பாரம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். ஏர் ஷாக்கால் பின்பக்கத்தைத் தூக்கினால் அந்த வால்வு வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழுப் பாரம், பாதி பிரேக். இங்கேயும் பழைய வேன், பிக்கப் வைத்திருப்பவர்கள் அந்தக் கம்பி இருக்கிறதா என்று அடியில் பார்த்துவிட்டு வாருங்கள்.

கூடுதல் பாரம் ஏற்றத்தான் கேட்கிறார் என்றால், 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் அதற்கு அபராதம் 20,000 ரூபாய், அதிகமான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அந்தக் காசுக்கு ஒரு நடை கூடுதலாகவே அடித்துவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.